வெள்ளைக்கு அடியில்

— ஐயோ! என்னங்க அது, வீடே அதிருது?

— கதவும்மா. பாப்பா உள்ள போனா, சுவரைப் பார்த்தா, படார்னு சாத்திட்டா.

— சுவருக்கு என்ன? நான் இன்னும் செருப்பைக்கூடக் கழட்டலை. சொல்லுங்க, சுவருக்கு என்ன?

— வெள்ளை அடிச்சேன். நீங்க ரெண்டு பேரும் டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு ஒரே மூச்சா அடிச்சேன். சந்தோஷப்படுவான்னு நினைச்சேன் இவளே.

— அடப்பாவி மனுஷா! அது அவ மூணு மாசமா வரைஞ்ச சுவரு!

— வரைஞ்சதா? என் மிச்ச எனாமல் டப்பாவையெல்லாம் காலி பண்ணி, ஒரே கறுப்பா அப்பி வச்சிருந்தா. ஒரு பூ உண்டா, மரம் உண்டா? பார்த்த எனக்கே நெஞ்சை அடைச்சுது. இதைப் பார்த்துக்கிட்டே படுத்தா யாருக்குத்தான் மனசு தேறும்?

— அந்தக் கறுப்பெல்லாம் அவளுக்குள்ள இருந்துச்சுங்க. சுவருக்கு வந்த பிறகுதான் பொண்ணு தூங்கவே ஆரம்பிச்சா. வாயில வராதது கையில வரட்டும், யாரும் அதைத் தொடாதீங்கன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

— என்கிட்ட யாரு சொன்னா?

— நீங்க வீட்டுல இருந்தாத்தானே சொல்ல? எந்த ஊர்லயோ ஓட்டலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனீங்க, இன்னைக்குக் காலையிலதான் வந்து குதிச்சீங்க. போன்ல ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ன்னு கேட்டுட்டு வச்சா, என்னத்தைச் சொல்ல?

— சரி, கத்தாதே. உள்ள கேட்கும்.

— கேட்கட்டும். தள்ளுங்க, நான் பேசிக்கறேன். பாப்பா... கண்ணு... என்னங்க, கதவு திறக்கலை?

— தாழ்ப்பாள் போட்டிருப்பா.

— தாழ்ப்பாளா? அதைத்தான் நான் எப்பவோ ஆளை வச்சுக் கழட்டிட்டேனே!

— அது... காலையில பார்த்தேன். வயசுப் பொண்ணு ரூமு, தாழ்ப்பாள் இல்லாம இருக்கேன்னு புதுசா ஒண்ணு...

— மாட்டிட்டீங்களா? கடவுளே! காய் நறுக்கற கத்தியைக்கூடப் பக்கத்து வீட்டுல வச்சுட்டு, தினம் அங்க போய் நறுக்கிட்டு வர்றேன். அந்தம்மா என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாங்க. நீங்க தாழ்ப்பாள் மாட்டி விட்டிருக்கீங்க!

— இரு, இரு. அது என்ன சத்தம்?

— எது?

— கர்ரு கர்ருன்னு. ஏதோ சுரண்டற மாதிரி. இவளே... என் சாமான் பையை உள்ளயே வச்சுட்டேன்.

— அதுல என்ன இருக்கு?

— பிரஷ், உப்புத்தாள்...

— வேற?

— பட்டி பார்க்கிற தகடு. முனை கொஞ்சம் கூரா இருக்கும்.

— பாப்பா! கதவைத் திறடி! அம்மா உள்ள வரலை, சும்மா திற! ஏங்க, மரம் மாதிரி நிக்காதீங்க, ஜன்னல் பக்கம் ஓடுங்க!

— ஓடறேன்... திரை போட்டிருக்கும்மா! ஓரமா முழங்கை மட்டும் தெரியுது. மேலயும் கீழயும் போகுது.

— கை நல்லா இருக்கா? நல்லாப் பாருங்க!

— நல்லாத்தான் இருக்கு. தகட்டால சுவரைச் சுரண்டறா. எனாமலைத் தேய்க்காம மேலயே அடிச்சுட்டேன், அவசரத்துல. அது பிடிக்காது, தொட்டா உரிஞ்சு வந்துடும். இருபது வருஷத் தொழிலு, சொந்த வீட்டுல கோட்டை விட்டேன்.

— உங்க தொழிலைத் தூக்கிக் குப்பையில போடுங்க. இந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை பேசுங்க அவகிட்ட.

— வந்துட்டேன். நான் பேசினா வேலைக்கு ஆகுமா? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்காளா?

— நீங்க அன்னைக்கு உள்ள வந்தீங்களா? வராண்டாவுலயே நின்னுட்டுப் போயிட்டீங்க. ‘அப்பா எங்கம்மா’ன்னுதான் கண்ணைத் திறந்ததும் கேட்டா.

— உள்ள வந்தா அழுதுடுவேன்னு பயந்தேன். அழுற அப்பனைப் பார்த்தா குழந்தை இன்னும் உடைஞ்சிடுமேன்னு...

— அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? கதவுகிட்ட சொல்லுங்க.

— பாப்பா... அப்பாதான். அப்பாவுக்குத் தெரியலைடா. சுவத்துல கறுப்பு இருந்தா அழிக்கணும்னு மட்டும்தான் தெரியும். திரும்ப வரைஞ்சுக்கோ. கறுப்பு டப்பா எத்தனை வேணுமோ வாங்கித் தர்றேன். அந்தத் தகட்டை மட்டும் கீழ வச்சுடு, கண்ணு.

— ஏங்க... சத்தம் நின்னுடுச்சு.

— ஆமா.

— ஏன் நின்னுச்சு? ஏங்க, ஏன் நின்னுச்சு?

— தள்ளு. தோளைக் கொடுத்து இடிக்கிறேன்.

— சீக்கிரம்! உங்க காலைப் பிடிக்கிறேன், சீக்கிரம்!

— ஒண்ணு... ரெண்டு...

— ஐயோ பார்த்து, திறந்துட்டா! பாப்பா! கையைக் காட்டு. ரெண்டு கையையும் காட்டுடி! அப்பாடா... வெறும் சுண்ணாம்புத் தூளு. தலையெல்லாம் தூளு.

— அம்மா, நீ கொஞ்சம் தள்ளிக்கோ. அப்பா மட்டும் உள்ள வரட்டும்.

— நானா? பாப்பா, அப்பா வேணும்னு அழிக்கலைடா...

— ஏங்க, அங்க சுவத்தைப் பாருங்களேன். வெள்ளையைக் கோடு கோடாச் சுரண்டியிருக்கா. அடியில இருந்த கறுப்பு தெரியுது... ஒரு ஆள் மாதிரி இல்ல?

— பேசாம வெளிச்சத்துல நில்லுங்கப்பா, உங்க மூக்கு மட்டும் சரியா வரமாட்டேங்குது.