மூணாம் நம்பர் பட்டன்

டாக்டரம்மா: இல்ல, எனக்குப் புரியல. முந்நூத்தி அறுபது குதிரைத்திறன் இருக்கிற கறுப்பு கார் அங்க நிக்குது. நீங்க என்னடான்னா இந்த நீல வண்டியையே சுத்திச் சுத்தி வர்றீங்க.

வாத்தியார்: நீலம் நல்லா இருக்கு.

டாக்டரம்மா: கலரையா பாக்குறீங்க? நீங்களா?

வாத்தியார்: ஏன், நான் பாக்கக் கூடாதா?

டாக்டரம்மா: வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு எந்தக் கலர்னு கேட்டதுக்கு, எது சீக்கிரம் காயுமோ அதுன்னு சொன்ன மனுஷன் நீங்க.

ஷோரூம் பெண்: சார், மேடம்... காபி எதாவது?

வாத்தியார்: வேண்டாம்மா.

டாக்டரம்மா: எனக்கும் வேண்டாம். நீ சொல்லும்மா, இந்த நீலத்துல எத்தனை குதிரை?

ஷோரூம் பெண்: இருநூத்தி நாப்பத்தெட்டு மேடம்.

டாக்டரம்மா: பாத்தீங்களா வாத்தியாரே! நூத்திப் பன்னெண்டு குதிரை காணாமப் போச்சு. தேட வேண்டாமா?

வாத்தியார்: அத்தனை குதிரையை வாங்கி என்ன பண்றது? வீட்டுல லாயமா கட்டப் போறோம்?

டாக்டரம்மா: யாரு பேசுறது இது! வண்டிப் பத்திரிகையில குதிரைத்திறன் பட்டியலை மட்டும் வெட்டி பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்ச ஆளு... சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அஞ்சு புள்ளி ரெண்டு செகண்டுன்னு...

வாத்தியார்: அந்தப் பட்டியலைத்தான் கிழிச்சாச்சே.

டாக்டரம்மா: அதையும் பாத்தேன். காந்தம் மட்டும் தனியா நிக்குது, பாவம்.

வாத்தியார்: வயசாகுதுல்ல. வேகத்தை வெச்சுக்கிட்டு எங்க போறது? ஓட்டும்போது ஒரு... ஒரு உணர்வு வரணும். அதுதான் முக்கியம்.

டாக்டரம்மா: காலேஜ்ல புள்ளியியல் நடத்துறவரு. அவருக்கு உணர்வு!

ஷோரூம் பெண்: சார் சொல்றது கரெக்ட் மேடம். கறுப்பு வண்டி பறக்கும், ஆனா கைக்கு ஒண்ணும் சொல்லாது. இது அப்படியில்ல. ரோடு எப்படி இருக்குன்னு ஸ்டியரிங்லயே தெரிஞ்சுடும். போன தடவை மேடம்கூட...

டாக்டரம்மா: எந்த மேடம்?

ஷோரூம் பெண்: ...வேற ஒரு மேடம். பேரு மறந்துடுச்சு. நல்ல மேடம்.

டாக்டரம்மா: ம்ம். இருங்க, கிளினிக்ல இருந்து போன். காலையில பல்லு பிடுங்கின ஆளுக்கு ரத்தம் நிக்கலையாம். வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன். நான் வர்றதுக்குள்ள எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க வாத்தியாரே.

வாத்தியார்: போ, போ... போயிட்டாளா?

ஷோரூம் பெண்: கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க சார்.

வாத்தியார்: சரி, சீக்கிரமா சொல்றேன், கேட்டுக்க. டெஸ்ட் டிரைவ் நான் ஓட்டப் போறதில்ல. அவளைத்தான் ஓட்ட வைக்கணும். அதுக்கு நீ உதவி பண்ணணும்.

ஷோரூம் பெண்: மேடமையா?

வாத்தியார்: பயப்படாத. லைசென்ஸ் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா வண்டியைத் தொடல, அவ்வளவுதான்.

ஷோரூம் பெண்: இருபத்தி... ஓ. ஆமா சார். பயமாத்தான் இருக்கு.

வாத்தியார்: முகத்துல பயத்தையே காணோமே.

ஷோரூம் பெண்: உள்ளுக்குள்ள இருக்கு சார். ஆனா போன் பண்ணி இந்த வண்டியை எடுத்து வைக்கச் சொன்னதே நீங்கதானே? நீங்க ஏன் ஓட்டல?

வாத்தியார்: என்னால முடியாதும்மா. வலது பாதம் மரத்துப் போச்சு. சர்க்கரை. கால் ப்ரேக் மேல இருக்கா, பக்கத்துல இருக்கான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. ரோட்டைப் பாக்கவா, காலைப் பாக்கவா? ரெண்டு மாசம் முன்னாடி காலேஜ் பார்க்கிங்ல ஒரு தூண் மேல ஏத்திட்டேன். வீட்டுல வந்து, எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டேன்.

ஷோரூம் பெண்: ஐயோ... சார்.

வாத்தியார்: தூணுக்கு ஒண்ணும் ஆகல. டாக்டர் மட்டும், இனிமே சாவியையே தொடாதீங்கன்னுட்டார். அன்னையில இருந்து பஸ்லதான் போறேன். காலேஜ் பார்க்கிங்ல தோண்டிப் போட்டிருக்காங்கன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன்.

ஷோரூம் பெண்: மேடம் நம்பிட்டாங்களா?

வாத்தியார்: முழுசா. அவ பல்லுக்குத்தானே டாக்டர், காலைப் பத்தி என்ன தெரியும்?

ஷோரூம் பெண்: ...சரிதான் சார். ஆனா அவங்ககிட்ட நேரா சொல்லிடலாமே?

வாத்தியார்: சொன்னா ஓட்டுவா. அதுதான் பிரச்சினையே. எனக்காகன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, உடம்பெல்லாம் நடுங்க ஓட்டுவா. அது வேண்டாம். முதல்ல அவளுக்குப் பிடிக்கணும். அவளா சாவியைக் கேக்கணும். அதுக்கப்புறம் சொல்லிக்கறேன்.

ஷோரூம் பெண்: அதுக்குத்தான் இந்த நீலமா?

வாத்தியார்: பின்ன? அவ ஊசி முனையால பல்லைத் தொட்டே, உள்ள சொத்தை இருக்குன்னு சொல்லிடுவா. எக்ஸ்ரே எல்லாம் அப்புறம்தான். அவ்வளவு வெவரமான கை. அந்தக் கைக்குப் பேசுற வண்டியாக் குடுக்கணும். ஊமை வண்டியைக் குடுத்தா, ரெண்டே நாள்ல சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல வெச்சுடுவா.

ஷோரூம் பெண்: சார்... நான் ஒண்ணு சொல்லட்டுமா? வேண்டாம், சொல்லல.

வாத்தியார்: என்னம்மா?

ஷோரூம் பெண்: மேடம் வர்றாங்க.

வாத்தியார்: மூச்சு விடக் கூடாது, சரியா?

ஷோரூம் பெண்: விட மாட்டேன் சார். எனக்கு இப்ப அதுதான் வேலையாப் போச்சு.

டாக்டரம்மா: பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இருங்கன்னு சொல்லி அனுப்பினா, மனுஷன் அதை மென்னு முழுங்கிட்டாராம்! சரி... இங்க என்ன? ரெண்டு பேரும் முழிக்கிற முழியே சரியில்லையே.

வாத்தியார்: டெஸ்ட் டிரைவ் போறோம். நீ ஓட்டு.

டாக்டரம்மா: நானா? கேட்டை இடிச்சதெல்லாம் மறந்து போச்சா?

வாத்தியார்: அது ஆச்சு இருபத்திரண்டு வருஷம்.

டாக்டரம்மா: போன வாரம்தானே உங்க கூட்டாளிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க? “ரிவர்ஸ் போட்டா பாரு, கேட் விழுந்துச்சு, அது கூடவே தபால் பெட்டியும் விழுந்துச்சு”...

வாத்தியார்: இனிமே சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா: அட, சொல்லுங்க, பரவாயில்ல. யாரு வந்தாலும் காபிக்கு முன்னாடி அந்தக் கதைதானே?

வாத்தியார்: இல்ல. அன்னைக்கே நான் சிரிச்சிருக்கக் கூடாது. சிரிக்காம இருந்திருந்தா நீ மறுநாளும் வண்டி எடுத்திருப்ப. நான் சிரிச்சேன், நீ சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல வெச்சுட்ட. எனக்கு அப்ப... சொல்லக் கூடாது, உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. எங்க போகணும்னாலும் என்னைத்தானே கூப்பிடுவன்னு.

டாக்டரம்மா: ...என்ன வாத்தியாரே, ஷோரூம்ல நின்னுக்கிட்டு இதெல்லாம்.

ஷோரூம் பெண்: நான் வேணா கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா மேடம்?

டாக்டரம்மா: நீ எங்கயும் போகாத. சாவியைக் குடு. ஏறுங்க வாத்தியாரே. நீ பின்னாடி ஏறிக்கம்மா.

வாத்தியார்: பெல்ட் போட்டியா? கண்ணாடியைத் திருப்பிக்க. சீட்டை முன்னாடி இழு, நீ குள்ளம், கால் எட்டாது...

டாக்டரம்மா: குள்ளம்னு சொல்லாம உங்களுக்கு ஒரு வாக்கியம் பேச வராதா?

வாத்தியார்: அட... அட! சீட்டு தானா முன்னாடி போகுது! மேல ஏறுது! கண்ணாடியும் திரும்புது! என்னம்மா நடக்குது இங்க?

ஷோரூம் பெண்: அது... சீட் மெமரி சார். கதவுல மூணு பட்டன் இருக்கு. யாரு எப்படி உக்காருவாங்கன்னு அதுல பதிஞ்சு வெச்சுக்கலாம். மேடம் மூணாம் நம்பரை அமுக்கிட்டாங்க.

டாக்டரம்மா: கை தெரியாமப் பட்டுடுச்சு.

வாத்தியார்: அது சரி. அந்த மூணாம் நம்பருக்கு இவ உயரம் எப்படித் தெரியும்?

ஷோரூம் பெண்: கம்பெனியிலயே... பெண்களோட உயரத்துக்கு ஒரு சராசரி எடுத்து வெச்சிருப்பாங்க சார்.

வாத்தியார்: சராசரியா? யாருகிட்ட சொல்ற? இவ சராசரியைவிட மூணு அங்குலம் கம்மி. சராசரிக்கு வெச்ச சீட்டுல இவ கால் தொங்கும்.

டாக்டரம்மா: வகுப்பு முடிஞ்சுதா? கிளம்பட்டுமா?

வாத்தியார்: மெதுவா... மெதுவா. அந்தப் பக்கம் பாத்துட்டியா?

டாக்டரம்மா: பாத்துட்டேன்.

வாத்தியார்: முன்னாடி ஒரு வேன்...

டாக்டரம்மா: அவ்வளவு பெரிய வேன், தெரியாதா?

வாத்தியார்: ரவுண்டானா வருது. அந்த லாரிக்காரன் விட மாட்டான், நீ நில்லு, நீ... போயிட்டியே!

டாக்டரம்மா: அவரு நின்னாரு. நான் போனேன்.

வாத்தியார்: உனக்கு நடுக்கமே இல்லையே?

டாக்டரம்மா: நடுங்கறதுக்கு நீங்க விட்டாத்தானே. பேசிக்கிட்டே இருக்கீங்க. இங்க பாருங்க, இந்த இடத்துல ரோடு புதுசாப் போட்டிருக்காங்க. வழவழன்னு விரல்ல தெரியுது. இதோ, பழைய ரோடு வந்துடுச்சு... பொரபொரன்னு. கையை இப்படிக் கொண்டாங்க, சும்மா ஸ்டியரிங்ல ஒரு விரலை வைங்க. தெரியுதா?

வாத்தியார்: ...தெரியுது.

டாக்டரம்மா: நல்லாத் தெரியுதா?

வாத்தியார்: கையில நல்லாத் தெரியுது.

டாக்டரம்மா: ம்ம்.

வாத்தியார்: நீ சிரிக்கிற! வண்டி ஓட்டிக்கிட்டே சிரிக்கிற!

டாக்டரம்மா: ஏன், சிரிச்சா வண்டி நின்னுடுமா?

வாத்தியார்: இல்ல... நல்லா இருக்கு. ஏம்மா, பின்னாடி உயிரோட இருக்கியா? சத்தத்தையே காணோம்.

ஷோரூம் பெண்: இருக்கேன் சார். பாலம் தாண்டினதும் மேடம் எப்பவும் போல திரும்பி... திரும்பலாம்னு சொல்ல வந்தேன்.

வாத்தியார்: நீ சொல்றதுக்கு முன்னாடியே இவ இண்டிகேட்டர் போட்டுட்டாளே.

டாக்டரம்மா: போர்டுல போட்டிருக்கு வாத்தியாரே.

வாத்தியார்: எங்க? எந்த போர்டுல?

டாக்டரம்மா: தாண்டி வந்துட்டோம். இதோ ஷோரூமும் வந்துடுச்சு.

வாத்தியார்: ரொம்ப நல்லா ஓட்டின. போதும், இங்கயே இறங்கிக்கலாம். உள்ள நிறுத்தறதை இந்தப் பொண்ணு பாத்துக்கும்... ஏய், என்ன பண்ற? ரிவர்ஸா? வேண்டாம், ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது, பின்னாடி சுவர்... வேண்டாம்னு சொல்றேன்ல...

டாக்டரம்மா: ஆச்சு. கண்ணைத் திறங்க. கேட் எதுவும் விழல.

வாத்தியார்: ஒரே தடவையில. ரிவர்ஸ்ல.

டாக்டரம்மா: ஆமா.

வாத்தியார்: ஏம்மா, பின்னாடி இருக்கிற பொண்ணே. அந்த மூணாம் நம்பர் பட்டன்ல இருக்கிறது யாரோட உயரம்?

ஷோரூம் பெண்: சார், என்னைக் கேக்காதீங்க. நான் ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்.

வாத்தியார்: ரெண்டு பேருக்குமா?

டாக்டரம்மா: ரெண்டு பேருக்குமா?

ஷோரூம் பெண்: ...நான் போய் காபி கொண்டுவரேன். நீங்க வேண்டாம்னாலும் கொண்டுவரேன்.

வாத்தியார்: எத்தனை தடவை வந்த?

டாக்டரம்மா: மூணு தடவை. பத்திரிகையில இந்த நீல வண்டிப் பக்கத்தை மடிச்சு வெச்சிருந்தீங்க. குதிரையை எண்ணுற மனுஷன் இதை ஏன் மடிச்சாருன்னு பாக்க வந்தேன். ஸ்டியரிங்கைப் பிடிச்ச உடனே புரிஞ்சு போச்சு. இது உங்க கைக்குப் பாத்த வண்டி இல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க வாத்தியாரே. பல்லு பிடுங்கற மாதிரிதான். ஒரு நிமிஷம் வலிக்கும்.

வாத்தியார்: வலது கால்ல உணர்ச்சி இல்ல. இனிமே... இனிமே என்னால உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது.

டாக்டரம்மா: ம். நான் கூட்டிட்டுப் போறேன். புதன்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட போறோம், சொல்லி வெச்சாச்சு.

வாத்தியார்: உனக்கு அதிர்ச்சியாவே இல்லையா? எல்லாம் தெரியுமா?

டாக்டரம்மா: எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்னு சொன்னீங்களே, பம்பர்ல மஞ்சப் பெயிண்ட் அப்பியிருந்துச்சு. உங்க காலேஜ் பார்க்கிங் தூண் மாதிரியே மஞ்சளா ஒரு வண்டி வந்து இடிச்சுதா? உங்க காலேஜ் வாட்ச்மேனுக்கு நான்தான் பல்லு கட்டினேன். பார்க்கிங்ல ஒரு கூடை மண்ணுகூட யாரும் தோண்டலையாம்.

வாத்தியார்: அப்ப தூண்ல இடிச்ச அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

டாக்டரம்மா: இல்ல. அதுக்கும் ரெண்டு நாள் முன்னாடி.

வாத்தியார்: ரெண்டு நாள் முன்னாடியா? அன்னைக்கு எதுவுமே நடக்கலையே!

டாக்டரம்மா: நடந்துச்சு. நீங்க ஒத்தைச் செருப்போட படியேறி வந்து என்கிட்ட தண்ணி கேட்டீங்க. வலது கால் செருப்பு அங்க வாசல் கேட் பக்கத்துலயே கழண்டு கிடந்துச்சு... உங்களுக்கு அது தெரியவே இல்ல. தண்ணியைக் குடுத்துட்டு, நீங்க பாக்காதப்ப அதை எடுத்துட்டு வந்து ஜோடியா வெச்சேன். மறுநாள் மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிட்டுப் போய் டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேன். அழாதீங்க வாத்தியாரே, அந்தப் பொண்ணு காபியோட வருது... நிமிந்து உக்காருங்க, இனிமே அதுதான் உங்க சீட்டு.