திரை போட்ட கார்

“மாப்பிள்ளைய நான் பாக்கணும்” என்று அப்பாவிடம் கேட்டேன். எங்கள் இலத்தூர் வீட்டில் எந்தப் பெண்ணும் கேட்கக் கூடாதது அது. “பி.ஏ. படிச்ச திமிரு” என்றாள் அம்மா. ஆனாலும் சீசன் சமயத்தில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

ஐந்தருவிப் பாதையில் ஒருவன் நின்றான். உயரம், சுருட்டை முடி. சித்தப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் வளர்ந்த வள்ளித்தாய் என் கையைக் கிள்ளினாள். “எக்கா, ராசா மாதிரில்லா இருக்காரு.”

நான் மரத்தடியில் நின்ற காரைப் பார்த்தேன். ஜன்னலுக்குத் திரை. போன நூற்றாண்டுப் பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் ஒன்றைக் கல்லூரியில் படித்திருந்தேன். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் படம். கிழவன் தன் அக்கா மகனை மாப்பிள்ளை என்று பெண்ணிடம் அனுப்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான்.

கார்த் திரை விலகியது. நரைத்த மீசை. அப்பா அங்கே போய், “வாங்க மாப்பிளே” என்று குனிந்தார்.

விசாரித்தேன். காரில் இருந்தவர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி சங்கரபாண்டி. மனைவி செத்தவர். மகள்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வந்து நின்றவன் அவர் அக்கா மகன்.

நான் கத்தவில்லை. சங்கரபாண்டியின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, “சமைப்பியாட்டி?” என்றாள்.

“ஆள் வச்சுக்கிடுங்க. நான் கேள்வி கேப்பேன். வள்ளித்தாய் கேக்க மாட்டா.”

சின்னவளே போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்குச் சம்மதம்.

“எக்கா, அவருதான?” என்று வள்ளித்தாய் கேட்டாள்.

“நீதான் பாத்தேல்லா, பெறகென்ன” என்றேன். அதில் பொய் இல்லை.

தாலி ஏறும்வரை பெண் தலை நிமிரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பின்னால் நின்று அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பூ நழுவாமல் இருக்கத்தான். முடிச்சு விழுந்ததும் கையை எடுத்தேன். நிமிர்ந்தாள். நாடகத்தில் அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

மறுவீடு வந்தவள் திரும்பிப் போக மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

“தெரிஞ்சுமாட்டி தள்ளிவிட்ட?” என்றார் அப்பா.

“நீங்க எனக்குத் தோண்டின குழிதான. ஆமா, தள்ளுனேன். இன்னொரு தடவைன்னாலும் தள்ளுவேன்.”

மதுரையில் பள்ளிக்கூட வேலைக்கு ஏற்கெனவே சம்மதம் எழுதியிருந்தேன். பெட்டியை எடுத்தேன்.

வள்ளித்தாய் என் முந்தானையைப் பிடித்தாள். “எக்கா, நானும் வாரேன்.”

“ஒனக்குப் புருசன் இருக்காருட்டி.”

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை அடுத்தவர் தீர்மானிக்கிற வீட்டில் இனி ஒரு நிமிஷமும் என்னால் இருக்க முடியாது. வெளியே வந்துவிட்டேன்.