சிம்னித் தகடு

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. இது பொய். பள்ளிக்கூடம் போகாத எனக்குக் காதுதான் சொத்து. குளிர்நாட்டு நகரமான பீலில், பஸ்ஸின் முன்சீட்டில் இரண்டு தமிழர் கதைத்தார்கள்.

“நிலக்கரி அடுப்புச் சூடெல்லாம் சிம்னியாலை போகுது, அண்ணை. அதுக்குள்ளை இருக்கிற தகட்டைத் திரும்ப மூடிப்போட்டன்.”

“விசரோ? உன்ரை மனுசி மயங்கி விழுந்தாப்பிறகுதானே சிம்னிக்காரன் வந்து, புகை மேலை இழுபடுதோ எண்டு அளந்து தகட்டைத் திறந்து வச்சவன்?”

“அவனுக்குக் குளிராது. புகை வந்தாக் கண் எரியும், தெரிஞ்சிடும்தானே. ஊரிலை விறகடுப்பு அப்பிடித்தானே.”

“கரியிலையிருந்து வாற நச்சுவாயுவுக்குக் கண் எரியாதடா. மனுசிக்கு எரிஞ்சதோ?”

“இல்லை. சிரிச்சுக் கதைச்சுக்கொண்டுதான் விழுந்தவ.”

“இப்ப வீட்டிலை ஆர்?”

“மனுசியும் பிள்ளையும். நித்திரை.”

அண்ணை மணியை அழுத்தினார். பஸ் நின்றதும் இருவரும் இளையவரின் வீட்டுப் பக்கம் ஓடினார்கள். முடிவை அறிய நானும் பின்னால் இறங்கினேன். நான் வேலை செய்யும் எதிர் ஹோட்டலின் வாசலிலிருந்து சமையல்காரர் என்னைக் கூப்பிட்டார். முடிவு தெரியாமலே தட்டுக் கழுவப் போனேன்.