கல் பெஞ்சில் ஓர் இடம்

ஏலக்காய் போட்ட டீ என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது சார். ஏலத்தோட்டத்தில் சம்பாதித்த மனிதர், வீட்டில் பால் சேர்க்காத வெறும் கட்டன்தான் குடிப்பார். அதையும் சூடு ஆறாமல் கையில் கொடுப்பேன். நான் அவரைக் கவனிக்கவில்லை என்று ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது.

நான் இரண்டாவதாக வந்தவள். மூத்தவர் ஷீனா அக்கா, பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், தேனிக்கு இறங்குகிற வளைவில் ஜீப்பிலேயே போய்விட்டார். அதனால்தான் என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் வாங்கி, அக்கா பெயரை எழுதி, மாதா கோயில் வாசலில் நிறுத்தினார். எஸ்டேட் ஆட்களுக்கு வாடகை கிடையாது. ஷீனா வண்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை.

விசாரணைக்கு வந்த வழியில் அக்கா கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். பளிங்கு பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிற சிலை. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலி இடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் அங்கே போய் உட்காருவார். நான் குடை பிடித்து நிற்பேன். எனக்கு எங்கே இடம் என்று ஒருநாள் கேட்டேன்.

"அதான் வீடே ஒன்னோடதா இருக்கே, டின்சி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அந்த வலியிலும் எனக்குத்தான் தைரியம் சொன்னார்.

"பயப்படாத. ஷீனா வண்டி இருக்கு. கூப்பிடு."

எங்கள் முற்றத்தில் நின்றாலே கீழே வண்டி தெரியும். டிரைவர் டின்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். போனைக் காதில் வைத்தேன். எந்த எண்ணையும் அழுத்தவில்லை.

"கூப்பிட்டாச்சு. வந்துட்டிருக்கு" என்றேன்.

அவர் நம்பினார். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தார். நான் நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவ்வளவு நேரம் அவர் என் மடியில் படுத்திருந்தது அன்றைக்குத்தான். கை நன்றாகக் குளிர்ந்த பிறகு டின்டுவைக் கூப்பிட்டேன். அதைத்தான் அவன் உங்களிடம் சொல்லியிருப்பான்.

அவரை அக்கா பக்கத்தில் வைக்கவில்லை, மேட்டில் தனியாக அடக்கம் செய்தேன். அப்புறம் சிற்பி வந்து, பெஞ்சின் காலி இடத்தில் அவருடைய சிலையை வைக்கலாமா என்று கேட்டார். என் போட்டோவைக் கொடுத்தனுப்பினேன். அக்காவை ஒட்டி நான் உட்கார்ந்துவிட்டால் அங்கே வேறு யாருக்கும் இடமிருக்காது. செலவெல்லாம் என் நகையை விற்றுத்தான்.

பொறாமை பிடித்தவள் இப்படிச் செய்வாளா சார், நீங்களே சொல்லுங்கள்.