அவசரத்துக்கு வைத்திருந்த கார்

காரை வெளியில் நிறுத்துகிறவர் உறை போடத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். போடலாம், போடாமலும் விடலாம். பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டு பக்கமும் உப்பு. உறை இல்லாவிட்டால் சில வருடத்தில் கதவின் அடிப்பகுதி அப்பளம் மாதிரி நொறுங்கும். உறை இருந்தால் மணல் உள்ளே புகுந்து, காற்றடிக்கும்போதெல்லாம் பெயின்றைத் தேய்க்கும். மழை விட்டதும் கழற்றி உலர்த்தாவிட்டால் ஈரம் உள்ளேயே கிடந்து அவியும். எப்படிச் செய்தாலும் கொஞ்சம் கெடும்.

நான் போட்டிருந்தேன். வாங்க வந்தவரிடம் மற்றதையும் ஒளிப்பது நியாயமில்லை, சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓட்டமாவடிக்காரர், காரை எடுத்துக்கொண்டு போனால் இந்தப் பக்கம் அடிக்கடி வரமாட்டீர்கள் என்பதும் ஒரு காரணம். என்னுடைய வீரம் அவ்வளவுதான்.

நான் அரச பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கொண்டக்டர். ஊரையே "உள்ளுக்குப் போங்க, இன்னும் இடம் கிடக்கு" என்று நெருக்கி ஏற்றிவிட்டு, நான் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனவன். ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சின்னக் காரை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்து பயணம் செய்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரே கார் இதுதான். அதனால் இது ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை. பிள்ளைப்பேறு, காய்ச்சல், கலியாணம், கோயிலுக்கு ஐயரைக் கூட்டிவருவது எல்லாவற்றுக்கும் வருவார்கள். காரைத் தருவீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. "அண்ணன், கார் நிக்குதா?" என்பார்கள். நிற்கிறது என்றால் வருகிறது என்று அர்த்தம். நிற்கிற காரை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லும் வழக்கம் இங்கே கிடையாது. எனக்கும் வாய் வராது, மனம் இளகினவன். அதனால் எனக்குப் பதிலாக இல்லை சொல்வதற்கு ஓர் உறை வாங்கினேன்.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு சாரியில்ல, காருக்கு உடுப்பு கிடக்கு" என்றாள் என் மனைவி இரத்தினம்மா.

உறை நன்றாக வேலை செய்தது. மூடிக் கிடக்கிற காரைப் பார்த்தால் ஓடாத கார் என்று ஆட்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். நான் பொய் சொல்லவேண்டி வரவில்லை. "என்னண்ணன், பழுதா?" என்று கேட்டால் பெருமூச்சு விடுவேன். அதுவே போதும்.

பிறகு பெற்றோல் இல்லாத அந்த வருடம் வந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். ஓட்டோக்களெல்லாம் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. மோட்டார் சைக்கிள்களில் ஆட்கள் உடுப்புக் காயப்போட்டார்கள். என் காரில் அரை டாங்க் இருந்தது. இரத்தினம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. பதுக்கல் என்று நினைக்காதீர்கள். ஓர் அவசரத்துக்கு என்று வைத்திருந்தேன்.

ஆனி மாதம், மத்தியானம். பக்கத்து வளவு ஜெயரூபன், வாவியில் வலை போடுகிறவன், தன் மனைவி பிரஷாந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இரண்டு கிழமையாகக் கடைகளில் இல்லை. அவளை எங்கள் படியில் இருத்தினான். முப்பது வயதில்லை. கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழும்பியது. ஆஸ்பத்திரி காரில் பத்து நிமிடம்.

"அண்ணன், கார் நிக்குதா?"

"சொட்டுப் பெற்றோல் இல்லடா தம்பி. பெட்டரியும் செத்துப்போச்சு. பாரு, மூடிப் போட்டிருக்கன்."

அவன் உறையைப் பார்த்தான். "ஓம்... ஓம் அண்ணன்" என்றான், என்னைத் தொந்தரவு செய்துவிட்டதற்கு வருந்துகிறவன் மாதிரி. "அம்புலன்சுக்கும் அடிச்சிப் பார்த்தன். வர நேரமெடுக்குமாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்திருக்கிறேன். வெறுப்பு இல்லை. அவள் எனக்கு மகள் மாதிரி, பொரித்த மீன் கொண்டுவந்து தருவாள். ஆனால் ஒருமுறை உறையைக் கழற்றினால் பிறகு அது உறை அல்ல, வெறும் சீலை. இத்தனை நாளும் திருப்பி அனுப்பின ஆட்களெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. முன்பும் இழுப்பு வந்திருக்கிறது, விட்டிருக்கிறது என்றும் நினைத்தேன்.

அவன் அவளைச் சைக்கிளின் பின்னால் இருத்தி, என் சால்வையை வாங்கித் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி மிதித்தான். பாலத்தில் ஏறும்போது முதுகில் அவள் பாரம் மாறினது தெரிந்ததாம். பிறகும் ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்திருக்கிறான்.

செத்தவீட்டுப் பந்தலுக்குக் கம்பு நட்டது நான். முப்பத்தோராம் நாள் சோறு பரிமாறியதும் நான். என் கார் மட்டும் ஓடியிருந்தால் என்று ஊர் எனக்காக இரக்கப்பட்டது.

அதற்குப் பிறகு இந்த உறையோடு எனக்குச் சின்னக் கரைச்சல். ஆனி, ஆடியில் வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும். உறை உப்பும், அப்படியே நிற்கும், பிறகு விளிம்பால் ஒரு சத்தத்தோடு அமுங்கும். திரும்ப உப்பும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். இறுக்கினதும் சத்தம் இன்னும் மெல்லிசாக, இன்னும் கஷ்டப்பட்டு வந்தது. கயிற்றை அவிழ்த்து விட்டேன். மத்தியானத்தில் நான் இப்போது முற்றத்துப் பக்கம் இருப்பதில்லை.

முப்பத்தொன்று முடிந்த கிழமை ஜெயரூபன் வந்து சொன்னான்: "மறுகா ஒரு மனிசனுக்கு இப்பிடி நடக்கக் கூடா, அண்ணன். ஏறாவூர்ல இஷாம் எண்டு ஒரு கராஜ் பாஸ், நல்ல வேலைகாரன். நாளைக்குக் கூட்டி வாறன். உங்கட காரச் செய்து தாறம். நீங்க ஒண்டும் தர வேணாம்."

வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னேனே, மனம் இளகினவன். அன்று பின்னேரம் பெற்றோலை உறிஞ்சி எடுத்துக் கொல்லையில் ஊற்றினேன். உறைக்குள் குனிந்துபோய், இரத்தினம்மாவின் பாக்குவெட்டியால் ஒரு வயரை நறுக்கினேன். சொன்ன சொல் உண்மையாக இருக்க வேண்டுமல்லவா.

மறுநாள் இஷாம் வயரை இழுத்து வெயிலில் பிடித்தான். செம்பு பளபளவென்று இருந்தது. பழைய வெட்டு என்றால் கறுத்திருக்கும் என்பது கொண்டக்டருக்கு எப்படித் தெரியும்? அவன் வயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஜெயரூபனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எலி கடிச்சிரிக்கி" என்றான்.

"பார்த்தீங்களா அண்ணன், ஒரு எலியால..." என்று ஜெயரூபன் அந்த இடத்திலேயே குந்தி அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். போகும்போது இஷாம் என் பக்கம் திரும்பாமலே, "உறையக் கழட்டிப் போடுங்க. உறைக்குள்ளதான் எலி வாறது" என்றான். கூலி வாங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இஷாம்கூட அறியமாட்டான்.

நிற்கிற கார் கெட்டுப்போகாமல் இருக்க, கிழமைக்கு ஒருநாள் விடியும்போது, இரத்தினம்மா கோயிலிலும் ஒழுங்கை ஆண்கள் வாவியிலும் நிற்கிற நேரமாகப் பார்த்து, பாலம் வரைக்கும் ஓடிவிட்டு வந்து மூடுவேன். அந்த ஆனி மாத நாளிலும் ஓடினேன். மூடிவிட்டுத் திரும்பினால், பிரஷாந்தி வேலியோரம் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். நான் கோமாளி மாதிரி முழித்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். "சரி அண்ணன், நான் ஒண்டும் காணல்ல" என்றாள்.

ஆறு மணித்தியாலம் கழித்து அவளைத்தான் ஜெயரூபன் என் படியில் இருத்தினான். செத்த பெட்டரியைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் என்னையே பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். கை கொஞ்சம் எழும்பியது, வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

"தண்ணி கேக்குறா போல, அண்ணன்" என்றான் ஜெயரூபன்.

நான்தான் உள்ளே ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். இரண்டு மிடறு குடித்தாள். கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. கடைசிவரைக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. காலையில் நான் கேட்டுக்கொண்டதை அந்தப் பிள்ளை மதித்தாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.