சமாதான அறை

எனக்குச் சத்தம் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்பை மேய்க்கிறேன், ஒரு பிள்ளையைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சண்டை போட்ட இருவரை விளையாட்டுச் சாமான் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவேன். பதினைந்து நிமிடம். சிக்கிக்கிடக்கும் வலையைப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். ஒருத்தி பிடித்தால்தான் இன்னொருத்தி முடிச்சை அவிழ்க்க முடியும். என் சொந்த யோசனை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள்.

சுண்டெலி வருடத் தொடக்கத்திலேயே புகாரோடு வந்தாள். பிள்ளைகள் வைத்த பெயர், என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. வகுப்பு லீடர் அவள் சாப்பாட்டில் சாக்பீஸ் தூளைக் கொட்டினாளாம். இருவரையும் உள்ளே அனுப்பினேன். வலை அழகாகப் பிரிந்து வந்தது. சுண்டெலியின் உதடு மட்டும் வீங்கியிருந்தது.

"கீழ விழுந்துட்டா மிஸ்" என்றாள் லீடர். நன்றாகப் படிக்கிற பிள்ளை, பொய் சொல்ல மாட்டாள்.

பிறகு இன்னும் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவாள் சுண்டெலி. பாதியில் திறந்தால் புத்தி வராது. அதற்கப்புறம் அவள் புகாரே சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

நேற்று லீடர்தான் வந்தாள். சுண்டெலி தன்னை முறைத்தாளாம். சாமான் அறை வாசலில் சுண்டெலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், அவகூட என்னை உள்ள போடாதீங்க. இனிமே என்னால தாங்க முடியாது. நான் ஏதாவது பண்ணிடுவேன் மிஸ்."

"ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க" என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டேன்.

வெளியே நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்தினேன். ஆறாவது நிமிடம் தட்டல் தொடங்கியது. அப்படி ஒரு தட்டலை நான் கேட்டதில்லை. பிறகு நகத்தால் பிராண்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நேரம் முடிந்ததும் திறந்தேன்.

சுண்டெலி மூலையில் உட்கார்ந்து தனியாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குண்டு எறிதலுக்கான இரும்புக் குண்டு அவள் மடியில் இருந்தது. லீடர் கதவடியில் கிடந்தாள். ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். அந்த வார்த்தை என்னைத் தின்கிறது.

உங்கள் பேப்பரில் கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தட்டுவது சுண்டெலி என்றுதான் நினைத்தேன். லீடர் என்று தெரிந்திருந்தால் உடனே திறந்திருப்பேனே.