நீல டிரம்முல இருந்த கடல்

ஜனவரி பதினாறு, காலைல ஒம்பது இருபது, நாங்க பதினோரு பேரு, ஹெட்மாஸ்டர் தோன் எவாரிஸ்தோ சார். நல்லா ஞாபகம் இருக்கு. உங்க பள்ளிக்கூடத்துல நீங்க வித்தீங்களே அந்த அச்சு மெஷினு, அதை நூத்தி நாப்பத்திமூணு படி ஏத்தி இந்த ரூமுக்குள்ள கொண்டாந்து வெச்சப்ப மணி அதுதான். மலை ரயிலு ரிப்பேரு. இந்த வால்பராய்சோ ஊருல அது என்னிக்கு ஓடிச்சு? பஸ் ஓட்டற நெல்சன் கீழேர்ந்து தாங்கினான். மீன் விக்கற உபெர்லிந்தா மேலேர்ந்து திட்டினா. அந்தத் திட்டு இல்லேன்னா பாதிப் படியிலயே போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம்.

ஐயோ, அந்த ஸ்டூல் வேணாம் சார், ரோஸ் மை. இந்த மை லேசுல காயாது. போன வாரம் பாதர் வந்து அதுல உக்காந்துட்டு அப்படியே பூசைக்குப் போயிட்டாரு. இப்படி வாங்க. டீ குடிங்க. யாஸ்னான்னே கூப்பிடுங்க, மேடமெல்லாம் எதுக்கு?

மோதிரம் கப்புல இடிக்குது பாருங்க. லூசா இருக்கோ? நங்கூரம் போட்ட கல்லு, நல்லாருக்கு, ஆனா உள்ளங்கைப் பக்கமாத் திரும்பிக்குது.

மெஷினோட நீல மை டிரம்முதானே கேட்டீங்க? தரேன். யாரு தரமாட்டேன்னா? ஒண்ணே ஒண்ணு, மெஷினு இங்க இருக்கு, டிரம்ம மட்டும் கொண்டுபோய் என்ன செய்வீங்க? பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேக்க பிங்கோ ஆட்டம் வெப்பீங்களே, அதுக்கு நோட்டீஸ் அடிக்கவா? எப்படி, தரையில உருட்டியா? சரி சரி, கேக்கல.

ஆமா, அந்த டிராயிங் டீச்சர் கேஸ் என்னாச்சு சார்? ஓர்த்தென்சியா டீச்சர். பத்தொம்பது வருஷம் சொல்லிக்குடுத்தவங்கள டிசம்பர்ல வெளிய அனுப்பிட்டீங்கன்னு ஊருல பேசிக்கிறாங்க. பெத்தவங்க எழுதிக் குடுத்த லெட்டரு, நான் என்ன பண்ணட்டும்னு கையை விரிச்சீங்களாமே. அந்த லெட்டரு ஃபைல்ல இருக்கற வரைக்கும் வேற எந்தப் பள்ளிக்கூடமும் அவங்களச் சேக்காதாம். பாவம். அம்பத்திநாலு வயசு. சும்மாதான் கேட்டேன், டீ ஆறிடப் போவுது.

அதுவா? அது இந்தத் தெருக்காரங்க நாங்க சேந்து அடிச்ச குட்டிப் பத்திரிகை. தாராளமாப் பாருங்க, விரல்ல ஒட்டினா அந்தத் துணி இருக்கு. இந்த மெஷினுக்கு ஒரு தடவைக்கு ஒரு கலர்தான். அதனால ஒரு படத்த மூணாப் பிரிக்கணும். ரோஸுக்கு ஒரு தாளு, மஞ்சளுக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. மூணையும் கறுப்புலதான் வரையணும், கலரை டிரம்மு பாத்துக்கும். எங்க சட்டம் என்னன்னா, ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு ஆளு. அடுத்தவங்க போட்டத அழிக்கக் கூடாது, மேல என்ன வேணா போட்டுக்கலாம். அவ்வளவுதான் சொன்னோம். உபெர்லிந்தா நெல்சனோட பஸ்ஸு மேல ரோஸ்ல ஒரு கணவாய் மீனப் படுக்க வெச்சுட்டா. ரெண்டு நாள் பேச்சே இல்ல. மூணாம் நாள் அவன் அவ வரைஞ்ச அவ மூஞ்சி மேலயே மஞ்சள்ல ஒரு நம்பர் பிளேட்ட மாட்டினான். எட்டாம் பக்கம் பாருங்க.

நடுப்பக்கம் புடிச்சிருக்கா? எல்லாருக்கும் அதான் புடிச்சுது. மஞ்சள் சூரியன், ரோஸ் படகு, நீலக் கடலு. அந்த மூலையில நாலு கடல்சிங்கம் வரிசையாப் படுத்திருக்குல்ல? மீசையும் கண்ணும் உபெர்லிந்தா கைவேலை. நீலம் மட்டும் நாங்க யாரும் போடல சார். அது மெஷின்லயே இருந்துது.

எப்படின்னா கேக்கறீங்க? இத்தனை வருஷம் வெச்சிருந்தீங்களே, தெரியாதா? அடிக்க வேண்டியத மெஷினு பொடி ஓட்டையா வெட்டி வெக்கற ஸ்டென்சில் தாளு டிரம்ம சுத்தி ஒட்டிக்கிட்டு இருக்கும். புதுசு வெட்டினாத்தான் பழசு கழண்டு விழும். வெட்டாம சும்மா ஓட்டிப் பாத்தீங்கன்னா, கடைசியா எதை அடிச்சாங்களோ அதுவே வரும். கறுப்பு டிரம்ம மாட்டி ஓட்டினோம், ஏழாங்கிளாஸ் கணக்குப் பரிச்சை வந்துது. நெல்சன் ஆசையா உக்காந்து எழுதினான். பத்துக்கு மூணு. அப்புறம் நீலத்த மாட்டினோம்.

என்ன சார், வேர்க்குது? ஜன்னலத் தொறக்கட்டுமா?

மொத ரெண்டு தாளு மங்கல். மூணாவது பளிச்சுனு வந்துது. வரி வரியா எழுத்து, கீழ கோடு கோடா. உபெர்லிந்தா அதைத் தலைகீழாப் புடிச்சுப் பாத்துட்டு, அடியே, இது அலைடின்னா. கடலாக்கிட்டோம். முந்நூறு பிரதி.

பின்னட்டையில ஒரு சிவப்புக் கண்ணாடித்தாளு சொருகியிருக்கும், எடுங்க. மிட்டாய் சுத்தி வருமே, அதான். அதைக் கடலு மேல வைங்க. ரோஸும் மஞ்சளும் மறைஞ்சுதா? நீலம் கறுப்பாத் தெரியுதா? இப்பத் தலைகீழாத் திருப்புங்க. மூக்குக் கண்ணாடி கொண்டு வரலியா? நான் படிக்கறேன். ஏழாம் வகுப்புப் பெற்றோராகிய நாங்கள், ஓவிய ஆசிரியை ஓர்த்தென்சியா எங்கள் பிள்ளைகளுக்கு இனி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கீழ நாப்பத்திரெண்டு கோடு. ஒண்ணுலயும் கையெழுத்து இல்ல. பெத்தவங்க எழுதின லெட்டரு, பெத்தவங்க பாக்கறதுக்கு முன்னாடியே உங்க ரூமுல பூட்டி வெச்ச மெஷின்ல எப்படி சார் ஏறிச்சு?

அவங்க செஞ்ச தப்புதான் என்ன? எங்கள் வகுப்பறைன்னு பிள்ளைங்கள வரையச் சொன்னாங்க. முப்பத்தியொரு பிள்ளைங்களும் கூரை ஒழுகற இடத்துல வெச்ச வாளியைத்தான் வரைஞ்சுதுங்க. பெற்றோர் தினத்தன்னிக்கு வாசல்லேர்ந்து மேடை வரைக்கும் முப்பத்தியொரு வாளி. வந்தவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். நீங்க மட்டும் சிரிக்கலியாம்.

கடல்சிங்கத்தையும் பாத்துடுங்க. மீசை போனதும் விரலாயிடுச்சுல்ல? மெஷினு தாளைப் பாத்து எடுக்கற கண்ணாடிக்கு மூடியச் சாத்தாம, தாளைக் கையால அமுக்கிப் புடிச்சு அடிச்சிருக்காரு யாரோ. பழக்கமில்லாதவங்க செய்யறது. மூணாவது சிங்கத்தோட வயித்துல சதுரமா ஒண்ணு தெரியுது, உள்ள நங்கூரம். கைய ஏன் சார் பாக்கெட்டுல விட்டுக்கிட்டீங்க? மை பேண்டுல ஒட்டிக்கும், வீட்டுல திட்டு வாங்குவீங்க.

இது எங்க கையில சிக்கினது தற்செயல்தான்னு நானும் உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம். ஆனா பதினோரு பேருன்னு சொன்னேனே, அந்தப் பதினோராவது ஆளு யாருன்னு நீங்க கேக்கவே இல்ல. உங்க பள்ளிக்கூடத்துல வாராவாரம் பரிச்சைத்தாளு அடிச்சது யாரு? டிராயிங் டீச்சருதானே? நீலம் பிங்கோவுக்கு மட்டுந்தான்னு அவங்களுக்குத் தெரியும். பிங்கோ அக்டோபர்ல முடிஞ்சுபோச்சு. லெட்டரு நவம்பர்ல வந்துது, நீலத்துல வந்துது. அதுக்கப்புறம் அந்த டிரம்ம ஒருத்தரும் தொடல. மெஷின விக்கறீங்கன்னு கேள்விப்பட்டு, கண்டிப்பா வாங்குங்க, டிரம்மத் தொடைச்சுக் குடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு எங்ககிட்ட சொன்னதே அவங்கதான். நாங்க பத்து பேரும் மூச்சு வாங்கி மெஷினத் தூக்கினோம். அவங்க அதுல ஒரு கைகூட வைக்கல. நீல டிரம்ம மட்டும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, பின்னாலயே ஏறி வந்தாங்க.

இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க. நல்லாத் தொடைச்சு வெச்சிருக்கேன். ஸ்டென்சில் இதுல இல்ல. ஏப்ரல் ஏழு, திங்கக்கிழமை, காலைல பத்தரைக்கு அதை டீச்சர் கேஸுக்கு ஆதாரமாத் தொழிலாளர் கோர்ட்டுல தாக்கல் பண்ணியாச்சு.